விளக்கை அணைச்சு ஒரு ரீடிங்

மூணாவது செமஸ்டர்ல நாங்க செஞ்ச லைன் ஃபாலோயர் ரோபோ, ஹாஸ்டல் ரூம்ல கருப்புக் கோட்டை விட்டு இம்மிகூட விலகாது. டெமோ வராண்டாவுல. காலையில இருந்து குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் தூவிக்கிட்டு இருந்துச்சு. எங்க முறை வந்ததும் பார்த்து வெயில் சுள்ளுன்னு அடிச்சது. ரோபோ நேரா போய்ச் சுவத்துல முட்டிச்சு. வெயில்ல இருக்கிற அகச்சிவப்புக் கதிர் சென்சாரைக் குழப்பிடுச்சு. ரிப்போர்ட்ல என்ன எழுதினோம்? 'வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது.' நீங்களும் ஒரு தடவையாவது இப்படி எழுதியிருப்பீங்க.

இதே அகச்சிவப்போட தினமும் மல்லுக்கட்டுறவங்க லடாக்கில் ஹான்லேயில் இருக்காங்க. அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கி. பெங்களூரு பக்கத்து ஹொசகோட்டையில உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியா அதை இயக்குறாங்க. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிர்ஸ்பெக் என்கிற அகச்சிவப்புக் கருவி 2013-ல் அதில் பொருத்தப்பட்டது. ஏன் அவ்வளவு தூரம்? காற்றில் இருக்கிற நீராவி அகச்சிவப்பை விழுங்கிடும். ஹான்லே குளிர்ப் பாலைவனம். குற்றாலத்தைக் குற்றாலமா வச்சிருக்கிற ஈரம்தான் இந்த வேலைக்கு எதிரி.

ஆனா அங்கேயும் வானம் சும்மா இருக்காது. அகச்சிவப்பில் வானமே ஒளிரும், அதுவும் சில நிமிஷத்துக்குள்ள மாறிக்கிட்டே இருக்கும். மங்கலான விண்மீன்னா, அதைவிட வானம் பல மடங்கு பளிச்சுன்னு தெரியும். அதனால தொலைநோக்கியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பல படம் எடுப்பாங்க. விண்மீன்கள் இடம் மாறும், வானத்தோட ஒளி மாறாம நிக்கும். அதைப் பிரிச்சு எடுத்துக் கழிச்சிடுவாங்க. வெளிச்சமே உள்ள வராம அடைச்சு, அதே எக்ஸ்போஷர் நேரத்துக்கு எடுக்கிறது டார்க். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு கூர்மைன்னு பார்க்க, அந்தி வானத்தைச் சீரா எடுக்கிறது ஃபிளாட். அந்திக்குச் சில நிமிஷம்தான் கெடு. தவறவிட்டா விடியல் வரைக்கும் காத்திருக்கணும்.

இந்தப் படங்களை யாரும் வால்பேப்பரா வைக்கிறதில்ல. ஆனா இதெல்லாம் இல்லாம அந்த விண்மீன் எவ்வளவு பிரகாசம்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.

நாம செய்ய வேண்டியிருந்ததும் இதுதான்: எல்.இ.டி-யை அணைச்சு ஒரு ரீடிங், போட்டு ஒரு ரீடிங், ரெண்டையும் கழிச்சா வெயில் போயிடும். கோடுல நாலு வரி. கடையில வாங்கின மாட்யூல்ல எல்.இ.டி எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அதைத் தனி பின்னுக்கு மாத்திக் கட்டணும், அவ்வளவுதான். (நேர் வெயில்ல சென்சார் முழுசா நிரம்பிட்டா கழிச்சும் பிரயோஜனமில்ல. ஒரு அட்டை மூடி வேணும்.)

'அதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?'ன்னு கேட்பீங்க. நியாயம்தான். மார்க் ஓடுற ரோபோவுக்குத்தான், அணைச்சு எடுத்த ரீடிங்குக்கு இல்ல. அதனாலதான் ரெக்கார்டுல ரீடிங்கை விடையில இருந்து பின்னோக்கி எழுதுறோம். ரிவ்யூ மார்க்ல பத்துல ரெண்டை இதுக்கு ஒதுக்குங்கன்னு துறையில கேட்கப் போறேன். கூட வாங்க. வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு: உங்க ரெக்கார்டுல முட்டின நாளோட பக்கம் இருந்தா கிழிக்காம எடுத்துட்டு வாங்க. எங்களோடது கிழிச்சாச்சு.