மாற்றப்பட்ட பழைய டிரம்முக்கு மறுபூச்சு தேவையா?

அமெரிக்காவின் ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனம் 1930களில் அறிமுகப்படுத்திய, ஜீன் குரூபாவின் வாசிப்பால் புகழ்பெற்ற ரேடியோ கிங் ஸ்நேர் டிரம்மின் கூடு, அதாவது தோலைத் தாங்கும் மர உருளை, ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைத்துச் செய்யப்பட்டதாகும். அதில் பிற்காலத்தார் புதுத் துளைகளிட்டு, மேலே ஒட்டியிருந்த செல்லுலாய்டு உறையையும் உரித்துவிட்டிருந்தால், சேகரிப்பாளர் போற்றும் மூலநிலை ஏற்கெனவே அழிந்துவிட்டதால், எஞ்சிய மரத்தைக் காக்கும் மெல்லிய பூச்சைத் தவறென்பது வீண் பிடிவாதமே. பழைய பூச்சு சிறிதேனும் எஞ்சியிருப்பின் அதைச் சுரண்டலாகாது. ஆனால், புதுப்பிக்கும் வேகத்தில், தோல் வந்து அமர்ந்து ஒலியின் தன்மையைத் தீர்மானிக்கும் மழுங்கலான விளிம்பை இக்காலப் பாணியில் கூராக்குவது, எந்தப் பூச்சாலும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.