இரைச்சலின் மக்ரஜ்

 

திருக்குர்ஆனை ஓதக் கற்கும் சிறார்களுக்கு முதலில் கற்பிக்கப்படுபவற்றுள் ஒன்று மக்ரஜ் ஆகும். ஓர் எழுத்து தொண்டையில் பிறக்கிறதா, நாவில் பிறக்கிறதா, இதழ்களில் பிறக்கிறதா என்பதை அறிந்தால்தான் பிழையைத் திருத்த இயலும். தொண்டையில் பிறக்கும் எழுத்து பிழைபடும்போது இதழ்களைத் திருத்துவதால் பயன் யாது? நம் வாகனங்களில் உள்ள ஸ்டீரியோவுக்கும் இவ்விதி பொருந்தும். அதில் எழும் வேண்டாத இரைச்சலுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. அதைக் கண்டறியாமல் செய்யப்படும் செலவு பெரும்பாலும் வீண் விரயமாகவே முடிகிறது.

இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் கார் இருக்கிறது. நெடும்பயணத்தில் கிராஅத்தையோ பயானையோ கேட்டுக்கொண்டு செல்வது வழக்கமாகிவிட்டது. ஓதுபவரின் குரலோடு ‘ஙீ’ என்றோர் ஓசையும் சேர்ந்து வந்தால், ‘ஸ்பீக்கர் போய்விட்டது’ என்று முடிவு கட்டி நான்கு ஸ்பீக்கர்களையும் மாற்றிவிடுவோர் உண்டு. பணம் போய்விடுகிறது, ஓசை போவதில்லை. ஸ்பீக்கர் என்பது வாய் மட்டுமே. தன்னிடம் வந்து சேரும் மின்சாரத்தை ஒலியாக்குவது அதன் பணி. கலப்படம் அதற்கு முன்பே நிகழ்ந்திருந்தால் அது என்ன செய்யும்?

இத்தொல்லை புதியதன்று. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் கார்களுக்கென வானொலிப் பெட்டி செய்ய முற்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட வில்லியம் லியர், எல்மர் வேவரிங் போன்றோருக்குப் பெருந்தலைவலியாக இருந்தது எஞ்சினின் மின்பொறிகள் எழுப்பிய இரைச்சல்தான். அதை அடக்கிய பின்னரே காரில் வானொலி கேட்பது இயல்வதாயிற்று. அப்பெட்டிக்குச் சூட்டப்பட்ட ‘மோட்டோரோலா’ என்னும் பெயரே பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் பெயருமாயிற்று.

ஆகவே, பணப்பையைத் திறக்குமுன் செவியைத் திறந்து, சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதற்கேள்வி: இரைச்சல் எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். எஞ்சின் வேகம் ஏற ஏற ஓசையின் சுருதியும் ஏறி, எஞ்சினை அணைத்ததும் அது நின்றுவிட்டால், குற்றம் ஸ்பீக்கருடையதன்று. எஞ்சினால் சுழற்றப்படும் ஆல்டர்னேட்டர் முதலில் உண்டாக்குவது மாறுதிசை மின்னோட்டம். அதனுள் இருக்கும் டையோடுகள் அதை நேர்திசையாக மாற்றினாலும் சிறு சிறு அலைகள் எஞ்சி நிற்கும். அவற்றுள் பெரும்பகுதியைப் பேட்டரி அடக்கிவிடும். எங்கேனும் எர்த் சரியில்லையெனில், மிச்சமுள்ளவை பாட்டைக் கொண்டுசெல்லும் ஒயருக்குள் புகுந்துவிடும். எர்த் எல்லாம் சரியாக இருந்தும் ஓசை நிற்கவில்லையென்றால் ஆல்டர்னேட்டரின் டையோடையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் ‘டிக் டிக்’ என்ற ஓசை எஞ்சின் வேகத்தோடு விரைந்தால் ஸ்பார்க் பிளக்கையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால் அங்கே அதைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: செல்போன் சார்ஜரைப் பிடுங்கினால் ஓசை நிற்கிறதா? ஒரே செல்போனைச் சார்ஜரிலும் மாட்டி, ஆக்ஸ் ஒயர் மூலம் ஸ்டீரியோவிலும் இணைக்கும்போது எர்த்துக்கு இரண்டு வழிகள் உண்டாகின்றன. அவ்விரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி இரைச்சலை உள்ளே அழைத்து வருகின்றன. சார்ஜரைப் பிடுங்கியதும் அமைதி பிறந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது, காசும் செலவில்லை. ஸ்டீரியோவில் ப்ளூடூத் இருந்தால் ஆக்ஸ் ஒயரை விட்டுவிட்டு அதிலேயே கேட்கலாம். இல்லையேல் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்னும் சிறு கருவியை ஆக்ஸ் ஒயரின் இடையில் பொருத்தலாம். அதனுள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒலியைக் கடத்தும்; இருபுற எர்த்தையும் பிரித்து வைக்கும்.

மூன்றாம் கேள்வி: தனியாக ஆம்ப்ளிஃபையர் பொருத்தியிருக்கிறீர்களா? அப்படியாயின் அதன் எர்த் ஒயர் எங்கே முடிகிறது என்று பாருங்கள். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் ஸ்பீக்கர்களை மாற்றினார், பின்னர் ஸ்டீரியோவையே மாற்றினார், இரைச்சல் அசையவில்லை. முடிவில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது, ஆம்ப்ளிஃபையரின் எர்த் ஒயர் பெயின்ட் சுரண்டப்படாத தகட்டின் மேல் ஒரு சிறு ஸ்க்ரூவால் முறுக்கப்பட்டிருந்தது. பெயின்டைச் சுரண்டி, தகடு பளிச்சிடும்படி செய்து, போல்ட் போட்டு இறுக்கினார், ஓசை அடங்கிற்று. எர்த் ஒயர் தடிப்பாகவும், ஏறத்தாழ 45 செ.மீ.க்கு மிகாமலும் இருப்பது நலம். பேட்டரியிலிருந்து வரும் ஒயர் வண்டியின் ஒரு பக்கமாகவும், பாட்டைக் கொண்டுசெல்லும் ஒயர் மறுபக்கமாகவும் செல்ல வேண்டும். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி இழுப்பது இரைச்சலுக்கு நாமே வழிவிடுவதாகும்.

நான்காம் கேள்வி: எஞ்சின் அணைந்திருக்கும்போதும் ஓசை வருகிறதா? ‘உஸ்’ என்ற இரைச்சல் இடைவிடாமல் வந்தால் ஆம்ப்ளிஃபையரின் கெயின் திருகு அளவுக்கு மீறித் திருப்பப்பட்டிருக்கலாம், குறைத்துப் பாருங்கள். கரகரப்பு வந்தால் பேலன்ஸை இடமும் வலமும் மாற்றி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டறியுங்கள். கதவைத் திறந்து மூடும்போது ஒலி விட்டு விட்டு வருமாயின், கீல் அருகே ரப்பர் குழாயினுள் செல்லும் ஒயர் நைந்திருக்கக்கூடும். தாழ்ந்த ஒலியின்போது மட்டும் கதவு அதிர்ந்தால் கதவின் உட்பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஓசை நின்றால் தேவை ஒரு கிளிப்போ ஸ்க்ரூவோதான். இவையனைத்தையும் கடந்த பின்னும் ஒரே ஸ்பீக்கர் கரகரத்தால், அதன் காகிதக் கூம்பு கிழிந்தோ உள்ளிருக்கும் சுருள் உரசியோ இருக்கலாம். அப்போது அந்த ஒன்றை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

இனி, இரைச்சலினும் முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். ஆம்ப்ளிஃபையருக்காகப் பேட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுக்கும் சிலர் பியூஸ் வைப்பதில்லை. அந்த ஒயர் எஞ்சின் அறையின் தகட்டுத் துளை வழியே காருக்குள் வருகிறது. வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு ஒயரின் உறையை அறுத்துவிட்டால், பேட்டரியின் ஆற்றல் முழுவதும் அந்த இடத்தில் பாயும். கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை நொடியில் கொடுக்க வல்லது. ஒயர் பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். பின்சீட்டில் உறங்கிக்கொண்டிருப்பவர்கள் நம் குழந்தைகள் என்பதை எண்ணிப் பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 45 செ.மீ.க்குள் தகுந்த அளவுள்ள பியூஸ் இருக்க வேண்டும். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். பியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள். அதனிடத்தில் பெரிய பியூஸையோ ஈயத்தாளையோ வைப்பது காவலாளியை உறங்க வைப்பதற்கு ஒப்பாகும். வயரிங் வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். மஞ்சள் நிற ஒயர்களும் இணைப்புகளும் பொதுவாக ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். உயிரும் ஓர் அமானத்தே.

இறுதியாக ஒரு சொல். இரைச்சல் எழுந்தவுடன் ‘கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்ற சொல் நம் நாவில் முந்திக்கொள்கிறது. தீர விசாரியாமல் ஒருவர் மீது பழி கூறலாகாது என்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுக்கம். ஐந்து நிமிடம் செலவிட்டு, ஒன்றைக் கழற்றி, ஒன்றை அணைத்துக் கேட்டுப் பார்த்த பின் கடைக்குச் செல்லுங்கள். ‘எஞ்சின் ஓடும்போது மட்டும் வருகிறது; சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்கவில்லை’ என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் வேலை செய்பவரின் உழைப்பையும் உங்கள் பணத்தையும் காக்கும்; இருவருக்குமிடையே மனத்தாங்கலும் வராது.

அடுத்த பயணம் புறப்படுமுன் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் அருகே அந்த பியூஸ் இருக்கிறதா என்று மட்டுமேனும் பார்த்துவிடுங்கள்.