சிறு ஐயங்களும் கேட்கத் தக்கவையே

மருத்துவமனையில் படுத்திருப்போருக்கும், அவர் அருகே துணைக்கு அமர்ந்திருப்போருக்கும் மிகுதியாகக் கிடைப்பது நேரம். அந்த நேரத்தில் கண் எதையேனும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. மனம் அதைப் பற்றி வியந்துகொண்டே இருக்கிறது. விரல் நுனியில் மாட்டிய கருவி ஏன் சிவப்பாக ஒளிர்கிறது? கையில் பொருத்திய ஊசிக்குழாயில் செவிலியர் உப்புநீரைச் செலுத்தினால் வாயில் ஏன் கரிக்கிறது? ஸ்கேன் அறையில் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் ஏன் சூடாகிறது?

இத்தகைய வினாக்களில் பெரும்பாலானவை வாய்வரை வந்து நின்றுவிடுகின்றன. “இதைப் போய் டாக்டரிடம் கேட்பதா? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?” என்னும் தயக்கமே காரணம். நோயைப் பற்றிய பெரிய கேள்விகளைக் கேட்கவே நேரம் போதாதபோது இந்தச் சில்லறை ஐயங்கள் எதற்கு என்று நோயாளிகளும் குடும்பத்தாரும் தாமே முடிவு செய்துகொள்கிறார்கள். அந்த முடிவு சரியன்று என்பதே எங்கள் கருத்து. சிறியவை என ஒதுக்கப்படும் ஐயங்களுள் சில, சிகிச்சையின் போக்கையே மாற்ற வல்லவை.

முதலில் மேற்சொன்ன மூன்று வினாக்களுக்கும் விடை கூறிவிடுகிறோம். விரலில் மாட்டும் கருவி இருவகை ஒளியை விரலுக்குள் செலுத்துகிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. உயிர்வளி நிறைந்த குருதியும் உயிர்வளி குறைந்த குருதியும் இவ்விரு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டே குருதியில் உள்ள உயிர்வளியின் அளவைக் கருவி கணித்துச் சொல்கிறது. நகச்சாயமும் அடர்ந்த கறுப்பு மருதாணியும் ஒளியின் வழியை மறிக்கக்கூடும். அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு முன் நகச்சாயத்தை அழித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் எண் தவறாகக் காட்டலாம்.

உப்புக் கரிப்பதற்குக் காரணம் எளிது. ஊசிக்குழாய் அடைத்துக்கொள்ளாதிருக்கச் செலுத்தப்படும் நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உண்டு. அது குருதியோடு கலந்து சில வினாடிகளில் உடலெங்கும் சுற்றி வருகிறது. அப்போது சிலருக்கு நாவில் உப்புச் சுவையோ உலோகச் சுவையோ தோன்றி மறையும். அஞ்ச வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனுக்காகச் செலுத்தும் அயோடின் கலந்த மருந்து குருதிக்குழாய்களைச் சற்று விரியச் செய்வதால் உடல் முழுதும் வெம்மை பரவுகிறது. ஆடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று பலர் கூச்சப்படுவதும் இதனால்தான். அப்படி எதுவும் நிகழ்ந்திருக்காது. அவ்வெம்மை விரைவில் தணிந்துவிடும். ஆனால் அரிப்போ, தடிப்போ, மூச்சுத் திணறலோ தோன்றினால் ஒரு நொடியும் தாமதியாமல் அங்குள்ளவரிடம் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் தெரியாவிட்டாலும் பெருந்தீங்கு இல்லை எனலாம். தீங்கு விளையும் இடம் வேறு.

காசநோய்க்கு மருந்து உண்ணத் தொடங்கிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகவோ செந்நிறமாகவோ போகிறது. வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இரத்தம் போகிறதோ, சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று அவர் நடுங்குகிறார். உண்மையில் நிகழ்ந்தது இதுவே: ரிஃபாம்பிசின் என்னும் மருந்து இயல்பிலேயே செங்கல் நிறமுடையது, உடலிலிருந்து வெளியேறும்போது அந்நிறத்தையும் உடன் கொண்டுசெல்கிறது. அவ்வளவுதான். இதை ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அச்சமில்லை. சொல்லப்படாமலும் கேட்கப்படாமலும் போனால், அவர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக்கூடும்.

அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. வழக்கமான காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறக்கூடும். பிறகு சிகிச்சை கடினமாகும். அத்தகைய கிருமி வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பரவலாம். கேட்காமல் விட்ட ஒரு சிறு வினா இத்தனை தூரம் இழுத்துச் செல்லக்கூடியது.

இரும்புச் சத்து மாத்திரைக்கும் இது பொருந்தும். கருவுற்ற பெண்கள் பலர் அதை உண்கிறார்கள். உடல் ஏற்காமல் எஞ்சிய இரும்பு வெளியேறுவதால் மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு அஞ்சி மாத்திரையை ஒதுக்கினால் குருதிச்சோகை தீராது.

அப்படியானால் நிறம் மாறினால் கவலையே வேண்டாம் என்று கொள்ளலாமா? அதுவும் கூடாது. இரும்பு மாத்திரை உண்ணாத ஒருவருக்கு மலம் தார்போல் கறுத்து, ஒட்டும் தன்மையோடும் கடும் நாற்றத்தோடும் போனால், இரைப்பையில் குருதி கசிகிறது என்பதற்கு அது அறிகுறியாகலாம். மூட்டு வலிக்காக நாள்தோறும் வலி நிவாரணி உண்போர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். காசநோய் மருந்து உண்போருக்குச் சிறுநீர் ஆரஞ்சாவது இயல்பு; அத்துடன் கண்கள் மஞ்சளாகி, பசி அற்று, குமட்டலும் சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒரே நிறம் ஓரிடத்தில் இயல்பு, மற்றோரிடத்தில் எச்சரிக்கை. எது எது என்று வீட்டிலிருந்தபடி தாமே தீர்ப்பு எழுதுவதும், பக்கத்துப் படுக்கைக்காரரைக் கேட்டு முடிவு செய்வதும் நன்றன்று.

“வெளிநோயாளர் பிரிவில் நிற்கவே இடமில்லை, இதில் எங்கே கேட்பது?” என்று நீங்கள் வினவலாம். அக்குறை நியாயமானதே. மருத்துவருக்கு நேரம் குறைவு என்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆயினும் வழிகள் உண்டு. தோன்றும் ஐயத்தை அப்போதே ஒரு தாளில் குறித்துவையுங்கள். எந்த நாள், எந்த மருந்துக்குப் பின், என்ன மாற்றம் என்ற மூன்று செய்திகள் போதும். மருத்துவரைக் காண இயலாவிடில் செவிலியரையோ, மருந்து தரும் இடத்தில் உள்ள மருந்தாளுநரையோ கேளுங்கள். நோயாளி கூச்சப்பட்டால் உடனிருப்பவர் கேட்கலாம். விடை கிடைக்கும்வரை மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் மூச்சுத் திணறல், முகவீக்கம், கண் மஞ்சளாதல், தார்போன்ற மலம் ஆகியவற்றைக் கண்டால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பொறுப்பு உங்களுடையது மட்டுமன்று. மருந்தைக் கையில் கொடுக்கும்போதே “இதனால் சிறுநீர் நிறம் மாறும், பயப்பட வேண்டாம்” என்று சொல்ல ஒரு நிமிடமும் ஆகாது. அந்த ஒரு வாக்கியம் மாத்திரையோடு சேர்ந்தே வழங்கப்பட வேண்டும் என்று எங்கள் பணியாளர்களையும் இப்பக்கத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம். நோயாளி வினவும்போது முகம் சுளிப்பது, அவர் அடுத்த முறை வாய் திறவாதிருக்கச் செய்யும் வழி.

வியப்பைக் கேலி செய்யாமல் பின்தொடர்ந்ததால் விளைந்த நன்மைக்கு அந்த விரல் கருவியே சான்று. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி, இதயம் வெளியேற்றும் குருதியின் அளவை ஒளியால் கணிக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு அளவீட்டில் குறுக்கிட்டுத் தொல்லை தந்தது. அத்துடிப்பை நீக்கும் வழியைத் தேடியவர், அதைக் கொண்டே குருதியின் உயிர்வளியை அளக்கலாம் என்று கண்டார். 1974ஆம் ஆண்டில் வெளியான அக்கருத்து, இன்று உங்கள் விரல் நுனியில் ஒளிர்கிறது.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, மருந்துச் சீட்டோடு உங்கள் ஐயங்களின் சீட்டையும் எடுத்து வாருங்கள்.