கம்பியில்லாக் காவல்

கற்பிட்டிப் பகுதியிலிருந்து மாணவர் ஒருவர் எமக்குக் கடிதம் வரைந்திருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருப்பவர். வைஃபை இணைப்புகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிப் பழக விரும்புகிறாராம். "அது கள்வர் கைக்கருவி, வீட்டுக்குள் வந்தால் களப்பில் வீசிவிடுவேன்" என்கிறாராம் தந்தையார். "அதுவும் ஒரு படிப்பு, நாளைக்குச் சோறு போடும்" என்கிறார் மகனார். தீர்ப்புக் கூறும் பொறுப்பை எம் தலையில் சுமத்திவிட்டார்கள்.

தீர்ப்புக்கு முன் வழக்கை விளங்கிக்கொள்வோம். புத்தளம் மாவட்டக் கடற்கரையில், சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள இரணவிலவில், முன்னாளில் 'அமெரிக்கக் குரல்' வானொலியின் அஞ்சல் நிலையம் இயங்கியது. அங்கிருந்து புறப்பட்ட சிற்றலைகள் கேட்பவர் அனைவர்க்கும் உரியவை. நம் வீட்டு ரவுட்டரும் ஒரு குட்டி வானொலி நிலையமே. அதன் அலைகளும் சுவரைக் கடந்து, வேலியைத் தாண்டி, நாற்றிசையும் செல்கின்றன. ஆனால் அவை சுமந்து செல்லும் செய்தி ஊருக்கு உரியதன்று. வீட்டுக்கு மட்டுமே உரியது. எங்கும் பரவும் அலையில் ஒருவர்க்கே உரிய செய்தியை எவ்வாறு காப்பது? கம்பியில்லாக் கலையின் பழைய வினா இதுவே.

வினா எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இலண்டன் ராயல் இன்ஸ்ரிரியூஷன் மண்டபத்தில் பேராசிரியர் பிளெமிங் கம்பியில்லாத் தந்தியைப் பற்றிச் சபையோர் முன் விளக்கிக்கொண்டிருந்தார். தொலைவிலுள்ள கோண்வால் கரையிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தி வரவேண்டும். அதற்கு முன்னரே கருவி தட்டத் தொடங்கிற்று. வந்தவையோ மார்க்கோனியைக் கேலி செய்யும் சொற்கள்! நெவில் மாஸ்கெலைன் என்னும் செப்படிவித்தைக்காரர் மறைவாகத் தம் கருவியைக் கொண்டு அனுப்பியவை அவை. தம் தந்தியில் பிறர் குறுக்கிட இயலாது என்ற மார்க்கோனியின் பெருமையைச் சோதிக்கவே அவ்வாறு செய்ததாக அவர் பின்னர்ப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். குற்றம் செய்தாரா, உண்மையை உரைத்தாரா? இரண்டும் என்றே எமக்குத் தோன்றுகிறது. நம் தந்தைக்கும் மகனுக்கும் இடையேயுள்ள வழக்கும் இதுவேயன்றோ?

இனிக் கருவிக்கு வருவோம். இத்தகைய கையடக்கக் கருவிகளும், மடிக்கணினியில் செருகும் சிறு வைஃபை அடாப்டர்களும் செய்யும் வேலையை மூன்று சொற்களில் அடக்கலாம்: கேட்டல், ஊகித்தல், கூவுதல்.

முதலாவது கேட்டல். சுற்றியுள்ள அலைகளைக் கேட்டு, எந்த ரவுட்டர் என்ன பெயரில், எந்தப் பூட்டுடன் இயங்குகிறது என்று கூறும். 'வயர்ஷார்க்' என்னும் இலவச மென்பொருளால் நம் சொந்த வலையமைப்பில் செல்வதைப் பிரித்தும் பார்க்கலாம். பூட்டிய பக்கத்துக்கும் பூட்டாத பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை கண்ணால் கண்ட மாணவர் என்றும் மறக்கமாட்டார்.

இரண்டாவது ஊகித்தல். கைத்தொலைபேசி ரவுட்டருடன் இணையும்போது இரண்டுக்கும் இடையே நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. கடவுச்சொல் அவற்றில் வெளிப்படையாக இராது. ஆயினும் டபிள்யூ.பி.ஏ.2 முறையில், அவற்றைப் பதிவு செய்தவர் தம் வீட்டிலிருந்தபடியே ஒவ்வொரு சொல்லாக ஊகித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம்மவருள் பலர் தம் தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கின்றனர். பத்து இலக்கம் என்று மகிழவேண்டாம். இந்நாட்டுக் கைத்தொலைபேசி எண்கள் 07 என்றே தொடங்குவதால் ஊகிக்கவேண்டியவை எட்டு இலக்கங்களே; ஆகக்கூடியது 10 கோடி எண்கள். ஒவ்வோர் ஊகத்துக்கும் 4096 சுற்றுக் கணக்குச் செய்யவேண்டியிருந்தும், ஆற்றல்மிக்க வரைகலை அட்டை ஒன்று நொடிக்குச் சில இலட்சம் ஊகங்களை முடிக்கும். ஆக, சில நிமிட வேலை! தொடர்பற்ற நாலைந்து சொற்களைக் கோத்து வைத்தாலோ அதே இயந்திரம் களைத்துப்போகும். 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறை, இவ்வாறு வீட்டிலிருந்து ஊகிக்கும் வழியையே அடைத்துவிட்டது.

மூன்றாவது கூவுதல், அஞ்சவேண்டியது இதற்கே. பொய்ச் செய்தி அனுப்பிப் பிறர் இணைப்பைத் துண்டிக்கவும், அலையை இரைச்சலால் நிரப்பவும் வல்ல கருவிகள் உண்டு. கடலோடிகளின் மண்ணில் இதை விளக்கவேண்டியதில்லை. கடலில் ஆபத்துக்கு அழைக்கும் 16ஆம் அலைவரிசையில் எவரேனும் விளையாட்டாகக் கூவினால், தத்தளிக்கும் படகொன்றின் குரல் அதில் அமிழ்ந்துபோகலாம். அலை பொதுச்சொத்து, கேட்பதைக் கற்கும் முன் கூவக் கற்றல் ஆகாது.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ, ஓரிலட்சம் ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 'விளையாட்டுக்குச் செய்தேன்' என்பது விடையாகாது. கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிக்குமுன், அதற்கு அனுமதி வேண்டுமா எனத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்டறிவதும் கடன்.

ஆயினும் இக்கல்வி வேண்டாதது என்று நாம் கூறமாட்டோம். காற்றுச் சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டாரை நம்பிக் கற்பிட்டியில் எத்தனையோ விடுதிகள் நடக்கின்றன. விருந்தினர் வலையமைப்பையும் கணக்கெழுதும் கணினியையும் ஒரே இணைப்பில் வைத்திருப்பவருக்கு, அதைப் பிரித்துவைக்கச் சொல்ல ஊரிலேயே ஒருவர் இருப்பது நன்றன்றோ? அத்தகையவர் இரவில் மதிலோரம் நின்று சோதிப்பவராக இருத்தலாகாது. பகலில் வாசலால் சென்று, உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, கண்ட குறையை அவரிடம் மட்டுமே கூறுபவராக இருத்தல் வேண்டும். கள்வனுக்கும் காவலனுக்கும் கருவி ஒன்றே. அனுமதி ஒன்றே அவர்களைப் பிரிக்கும் வேலி.

ஆகவே எமது தீர்ப்பு இது. தம்பி, கருவி வீட்டுக்குள் வரலாம். ஆனால் முதல் மூன்று மாதம் படலைக்கு வெளியே போகலாகாது. உமது வீட்டு ரவுட்டரே உமது பள்ளிக்கூடம். தொழிற்சாலை வைத்த நிருவாகக் கடவுச்சொல்லை மாற்றும். பொத்தானாலும் எட்டிலக்க எண்ணாலும் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்தும், அவ்வெண்ணை ஆகக்கூடியது 11,000 முயற்சியில் கண்டுவிடலாம் என்பது 2011இலேயே வெளியான உண்மை. 'ஆழமறியாமல் காலை விடாதே' என்பதைக் களப்போரத்தில் வளர்ந்த உமக்கு நாம் சொல்லித்தரவேண்டியதில்லை.

தந்தையாருக்கும் ஒரு வேலை உண்டு. ஐயா, தாங்களே ஒரு கடவுச்சொல்லை வைத்து, அதை மகனாருக்குச் சொல்லாது மறைத்துவிடுங்கள். அவர் ஊகித்துக் கண்டுபிடிக்கட்டும். ஒரே நாளில் கண்டுவிட்டால், அக்கருவி தங்கள் வீட்டின் ஓட்டையைக் காட்டிற்று எனக் கொண்டு, களப்பில் வீசும் எண்ணத்தைக் கைவிடுங்கள். காணமுடியாமற்போனால், தங்கள் வீட்டுக் கதவு உறுதியானது என்று மகிழுங்கள். எவ்வாறாயினும் முடிவை எமக்கு எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுதவேண்டாம்.