தூக்குகிறது... நகர மறுக்கிறது! பழைய ஃபோர்க்லிஃப்டில் என்ன கோளாறு?

'தென்னை நார் தொழிற்கூடத்தில் நார்க்கட்டுகளை ஏற்றி இறக்க, 48 வோல்ட் பேட்டரியில் ஓடும் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருக்கிறது. சுமையைத் தூக்குகிறது, ஆனால், முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது, காயில் கட்ட வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?'

- வாசகர், பொள்ளாச்சி

காயில் கட்டக் கொடுப்பதற்கு முன்பு, அரைநாள் செலவிட்டுச் சில சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. இத்தகைய வண்டிகளில் தூக்குவதற்கு ஒரு மோட்டார், ஓட்டுவதற்கு ஒரு மோட்டார் எனத் தனித்தனியாக இருக்கும். தூக்குகிறது என்றால், பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது என்று பொருள். ஓட்டும் பகுதியில் மட்டும்தான் கோளாறு. அதிலும், மோட்டாரைச் சந்தேகிப்பது கடைசியாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. கைமோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, ஓடும் சக்கரங்கள் தரையில் படாதபடி உறுதியான கட்டைகளில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். கை வைக்கும்போதெல்லாம் பேட்டரி பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கன்ட்ரோலரில் உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது பெடலை லேசாகத்தான் அழுத்த வேண்டும். பளு இல்லாத சீரிஸ் மோட்டார் கட்டுக்கு மீறி வேகமெடுத்து, ஆர்மேச்சரே சிதறிப்போக வாய்ப்புண்டு.

அடுத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இருக்கையில் அமர்ந்து, சாவியைத் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, லிவரை முன்பக்கம் தள்ளி, பெடலை மிதிக்கும்போது 'டக்' என்று கான்டாக்டர் ஒட்டும் சத்தம் கேட்கிறதா? சில வண்டிகளில் இந்த வரிசை மாறினாலே நகராது.

சத்தம் வரவில்லை என்றால்: கோளாறு சிறிய கம்பிகளில்தான். கன்ட்ரோல் ஃபியூஸ், இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்ச், பிரேக் சுவிட்ச், லிவர் சுவிட்ச், பெடல் சுவிட்ச் என ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். கான்டாக்டர் காயிலுக்கு உரிய வோல்ட் வந்தும் ஒட்டவில்லை என்றால், அந்தக் காயில் மட்டும் பழுது.

சத்தம் வந்தும் நகரவில்லை என்றால்: ஓட்டும் மோட்டாரின் பெரிய ஃபியூஸ், கான்டாக்டரின் கருகிய முனைகள், தளர்ந்த கேபிள் போல்ட், மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால், கன்ட்ரோலரைத் தெரிந்தவரிடம் காட்டலாம்.

ஒரு பக்கம் மட்டும் ஓடினால், மோட்டார் நன்றாக இருக்கிறது. அந்தத் திசைக்குரிய சுவிட்ச் அல்லது கான்டாக்டரில்தான் பழுது. பெடலைத் தொட்டதுமே முழு வேகத்தில் பாய்ந்தால், உடனே பேட்டரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழுது நீங்கும்வரை ஓட்டக் கூடாது.

நார்த் தொழிற்கூடங்களில் பிரஷ்ஷைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நார்த்தூள் கார்பன் தூளோடு சேர்ந்து அடைத்துக்கொண்டால், பிரஷ் அதன் கூட்டுக்குள் சிக்கி, கம்யூட்டேட்டரைத் தொடாமல் நின்றுவிடும். மோட்டார் எரிந்தது போலவே தோன்றும். தூளை ஊதி எடுத்து, பிரஷ் தடையின்றி மேலும் கீழும் நகர்கிறதா, ஸ்பிரிங் அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் எல்லா பிரஷ்ஷையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் நைசான கண்ணாடித் தாளால் தேய்க்கலாம். எமரித் தாள் கூடாது. அதன் துகள்கள் செப்புப் பட்டைகளுக்கு இடையில் சிக்கி, மின்கசிவை உண்டாக்கும்.

இத்தனைக்கும் பிறகு மோட்டார் மீது சந்தேகம் இருந்தால், அதன் கேபிள்களை முழுவதும் கழற்றிவிட்டு மெக்கரில் சோதிக்கச் சொல்லலாம். கன்ட்ரோலரோடு இணைந்திருக்கும்போது மெக்கர் வைத்தால், நன்றாக இருக்கும் கன்ட்ரோலரும் போய்விடும். மோட்டாரின் உடம்போடு மின்கசிவு இருப்பதோ, காயில் அறுந்திருப்பதோ உறுதியானால் மட்டுமே காயில் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

'அதே வண்டியின் பேட்டரி மதியத்துக்குள் சோர்ந்துவிடுகிறது. முழுவதையும் மாற்ற வேண்டுமா?'

48 வோல்ட் பேட்டரியில் 2 வோல்ட் செல்கள் 24 இருக்கும். முழுவதும் சார்ஜ் செய்த பிறகு ஒவ்வொரு செல்லையும் ஹைட்ரோமீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓரிரு செல்கள் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தால், அவற்றை மட்டும் மாற்றினால் போதும். எல்லாமே குறைந்திருந்தால், முதலில் சார்ஜரைச் சந்தேகிக்க வேண்டும். பளுவோடு ஓடும்போது மொத்தம் 42 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஓட்டத்தை நிறுத்தி சார்ஜ் போட வேண்டும். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால், காற்றோட்டமான இடம் அவசியம். பீடி, நெருப்பு அருகில் வரவே கூடாது. நார் குவிந்திருக்கும் கொட்டகைக்குள் சார்ஜ் போடுவது ஆபத்து.