முகமாலை மண்ணில் முடியாத போர்
2009இல் இலங்கையில் போர் முடிந்துவிட்டது; வடக்கே முகமாலையின் மண்ணுக்குள் அது முடிய இன்னும் உழைப்பு வேண்டியிருந்தது. ஏ-9 வீதிக்குக் குறுக்கே இராணுவமும் விடுதலைப் புலிகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்ற முன்னரங்கு அது. மிதிவெடிகள் வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்ட இடம். உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்டிக் வெடிகளும் அவற்றில் உண்டு. எறிகணைச் சிதறல்கள் நிறைந்த மணலிலோ உலோகம் கண்டறியும் கருவி ஓயாமல் ஒலிக்கும். ஆகவே பல இடங்களில் மண்ணைக் கையால், அங்குலம் அங்குலமாக வாரிக்கொண்டேதான் முன்னேற வேண்டும். கொளுத்தும் வெயிலில் கனத்த கவசத்தோடு முழங்காலிட்டு இதைச் செய்பவர்களில் கணிசமானோர் பெண்கள். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். வடக்கின் மீள்குடியேற்றத்தை உண்மையில் நடத்தியவர்கள் இவர்களே என்பேன். வெடி எடுத்த காணியில்தான் தென்னை வைக்கலாம், மாடு மேய்க்கலாம், பிள்ளையை விளையாட விடலாம். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017இல் இணைந்த இலங்கைக்கு, அவற்றை அகற்றி முடிக்கக் கெடு 2028 ஜூன். ஆனால் இந்தப் பணி பெரிதும் வெளிநாட்டு நிதியை நம்பியே நடக்கிறது. கொடுப்பவர் கை மடங்கினால் வேலை நின்றுபோகும். கொழும்பு தன் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென நிலையான தொகை ஒதுக்க வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகளே, ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அனுப்புவதில் ஒரு பங்கை இதற்கும் கொடுங்கள்.