பரணில் கிடக்கும் கேசட்டை எறியாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் அதில் புதுப் பாட்டுகளை ஏற்றுவார்கள். நான் சொல்வது வேறு. வீட்டில் யாரும் கேட்காமல் கிடக்கும் பழைய கேசட்டுகளை முதலில் ஏற்றுங்கள்.

பம்பாயில் இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்து வந்தவர் சரண்ஜித் சிங். 1982ல் இவர் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர் 8 சிந்தசைசர், டிஆர் 808 டிரம் மெஷின், டிபி 303 பேஸ் மெஷின் ஆகியவற்றை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். டிபி 303ல் 16 படிகள் கொண்ட சுர வரிசையைப் பதிந்துவிட்டால் அது நிற்காமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். புரோகிராமில் நாங்கள் எழுதும் 'லூப்' போலத்தான். தட்டு விற்கவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1987ல் சிகாகோவில் பியூச்சர் என்ற குழு அதே டிபி 303ஐ வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது இசை வகையைத் தொடங்கி வைத்தது. பல ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் டெல்லியில் சரண்ஜித்தின் தட்டைக் கண்டெடுத்தார். 2010ல் அது மீண்டும் வெளிவந்தது. கேட்ட ரசிகர்கள் அசந்துபோனார்கள். இது யாரோ இப்போது செய்த ஏமாற்று வேலை என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு! சரண்ஜித் எழுபது வயதுக்குமேல் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார். 2015ல் காலமானார்.

'உலகிலேயே முதலில் செய்தவர்' என்பதற்காக அவரைக் கொண்டாட வேண்டும் என்பதில்லை. அந்தத் தட்டில் பூபாளி (நம் மோகனம்), மால்கௌன்ஸ் (நம் ஹிந்தோளம்) கேட்டுப் பாருங்கள். மெஷின் இசைக்கு உயிர் இல்லை என்ற பேச்சு தவறு என்று புரியும்.

அந்தத் தவறை நானும் செய்தேன். என் தாய்மாமா திருச்சுழியில் ஸ்பீக்கர் செட் வைத்திருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் கீபோர்டும் வாசிப்பார். எங்கள் கரிசல்காட்டு ஒப்பாரி மெட்டுகளைக் கீபோர்டு ரிதத்தோடு சேர்த்துக் கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். இன்ஜினியரிங் படித்த திமிரில், "என்ன மாமா, பொம்மைக்காரு சத்தம் மாதிரி இருக்கு" என்று சிரித்தேன். அதன்பிறகு அவர் எனக்குப் போட்டுக் காட்டவே இல்லை.

சரண்ஜித்தைக் கேட்டபின் பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் கேசட்டுகளைக் கேட்டேன். பழைய இரும்புக்காரரிடம் எப்போதோ போட்டாகிவிட்டதாம். ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. தகரக் கூரைச் சூட்டில் டேப் சுருங்கி, 11 நிமிடம்தான் ஓடியது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "இதையா மாப்ள ஏத்துற?" என்று இரண்டு முறை கேட்டார். அந்த 11 நிமிடமும் நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று இனி யாருக்கும் தெரியாது.

வேலை எளிதுதான். டேப்ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் நீல நிற லைன் இன் துளைக்கு ஒரு ஒயர் போதும். ஆடாசிட்டி என்ற புரோகிராம் இலவசம். ஒரு மணி நேரக் கேசட் வேவ் பைலாகச் சுமார் 635 எம்பி இடம் பிடிக்கும். மறக்காமல் இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி எடுத்து வையுங்கள்.

இன்று பிடிக்காத இசை பத்து வருடம் கழித்துப் பிடிக்கலாம். அப்போது அது நம்மிடம் இருக்க வேண்டுமே!